ஜாக்பாட் மெஷினின் வயிற்றுக்குள்ளே

(திசையன்விளையில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "ஏல, நீ சிங்கப்பூர்ல இருபது வருஷத்துக்கு மேல என்ன வேலை பார்த்தேன்னு எங்க யாருக்கும் சரியாத் தெரியாது. அதையே பேசிரு" என்றார். எலெக்ட்ரானிக்ஸ் வேலை என்று மட்டும்தான் ஊரில் சொல்லி வைத்திருந்தேன். அது பொய் இல்லை. பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு இதே திசையன்விளை பஜாரில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்தவன் நான். சாலிடேர் டி.வி.யையும் டயனோராவையும் இந்தக் கையால் எத்தனை திறந்திருப்பேன் என்று கணக்கில்லை. 1991-இல் சிங்கப்பூர் போனேன். அங்கே நான் திறந்து மூடியது டி.வி. அல்ல, ஜாக்பாட் மெஷின். கிளப்புகளில் வரிசையாக நிற்குமே, காசைப் போட்டு பட்டனை அமுக்கினால் படம் சுற்றி நிற்கும், அந்தச் சூதாட்ட எந்திரம். அதற்கு சர்வீஸ் பார்க்கும் டெக்னீஷியன்.

என் அம்மா இருந்தவரைக்கும் இதைச் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்லுகிறேன். முதலில் மெஷினைத் திறப்போம்.

நம்மில் பெரும்பாலோர் அந்த மெஷினின் சித்தப்பா பிள்ளையைப் பார்த்திருக்கிறோம். திருநெல்வேலி ஜங்ஷனில் பிளாட்பாரத்தில் நின்ற எடை மெஷின். மேலே ஏறி நின்றால் சிவப்பும் பச்சையுமாக லைட் எரியும், சக்கரம் சுழலும், காசைப் போட்டால் 'டக்' என்று ஒரு அட்டை விழும். முன்பக்கம் எடை, பின்பக்கம் ஒரு ஜோசியம். எடைக்காக ஏறியவர்களைவிட ஜோசியத்துக்காக ஏறியவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. காசு உள்ளே போகிற அந்தப் பொளிவுக்குத்தான் இங்கிலீஷில் 'ஸ்லாட்' என்று பெயர். காசு போட்டால் வேலை செய்கிற எல்லா எந்திரத்துக்கும் ஆதியில் ஸ்லாட் மெஷின் என்றே பெயர். இந்த யோசனை ரொம்பப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த ஹீரோ என்கிற மேதை, கோவிலில் காசு போட்டால் தீர்த்தம் வருகிற எந்திரத்துக்கு வரைபடம் எழுதி வைத்திருக்கிறார். காசு ஒரு தட்டில் விழும், கனத்தில் தட்டு சாயும், அடைப்பு திறக்கும், காசு சறுக்கி விழுந்ததும் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். ஜோசியம் சொல்லுகிற அட்டைக்குப் பதிலாகக் காசையே திருப்பித் தருவது என்று எப்போது ஆரம்பித்தார்களோ, அப்போது பிடித்தது சனி.

அமெரிக்காவில் 1891-இல் நியூயார்க் பக்கம் புரூக்ளினில் சிட்மன் அண்ட் பிட் என்ற கம்பெனி ஒரு மெஷின் செய்தது. ஐந்து உருளை, உருளைக்குப் பத்துச் சீட்டாக 50 சீட்டுப் படம். சீட்டுக்கட்டில் 52 சீட்டு அல்லவா? இரண்டை எடுத்துவிட்டார்கள். பெரிய பரிசுக்குரிய சீட்டு வரிசை விழுவது அதனால் பாதிக்குப் பாதி குறைந்து போகும். மெஷின் பிறக்கும்போதே வஞ்சகமும் கூடவே பிறந்திருக்கிறது பாருங்கள். அதில் காசு கொட்டாது; ஜெயித்தவருக்குக் கடைக்காரர் பீரோ சுருட்டோ கொடுப்பார்.

காசையே கொட்டுகிற மெஷினைச் செய்தவர் சார்லஸ் ஃபே. ஜெர்மனியிலிருந்து போய் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய மெக்கானிக். ஐந்து உருளையை மூன்றாகக் குறைத்தார். சீட்டுக்குப் பதில் லாடம், டைமன், ஸ்பேட், ஹார்ட்டின், உடைந்த மணி என்று ஐந்தே படம். அந்த மணியின் பெயரையே மெஷினுக்கு வைத்தார், 'லிபர்ட்டி பெல்'. 1890-களின் கடைசியில் வந்தது. ஐந்து சென்ட் போட்டால் மூன்று மணி சேர்ந்து நின்றதும் 50 சென்ட் கொட்டும். அதுதான் உச்சப் பரிசு. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறி மூன்று உருளையும் சுற்றும், பிறகு ஒவ்வொன்றாகக் கொக்கி விழுந்து நிற்கும். ஒற்றைக்கைக் கொள்ளைக்காரன் என்று அமெரிக்காக்காரன் பெயர் வைத்தது அந்தக் கைப்பிடியைப் பார்த்துத்தான்.

பிறகு அங்கே தடை வந்தது. தடை வந்ததும், "இது சூது இல்லை சார், சூயிங்கம் விற்கிற மெஷின்" என்று ஆரஞ்சு, பிளம், எலுமிச்சை, செர்ரிப் படங்களைப் போட்டார்கள். எந்தப் பழம் விழுகிறதோ அந்த ருசி மிட்டாய். இன்றைக்கும் மெஷினில் செர்ரிப்பழம் இருப்பதற்குக் காரணம் அதுதான். சட்டத்துக்குப் பயந்து போட்ட வேஷம், வேஷமே நிலைத்துவிட்டது.

சரி, இப்போது கணக்குக்கு வருகிறேன். நம் கணிதப் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், தப்பாகச் சொன்னால் எழுந்து நிற்கச் சொல்லிவிடுவார்!

வீட்டிலேயே அட்டையில் ஒரு மெஷின் செய்து கொண்டுவந்திருக்கிறேன். இதோ மேசைமேல் இருக்கிறது. மூன்று சக்கரம். ஒவ்வொரு சக்கரத்திலும் பத்துப் படம். நம்ம ஊர் மெஷின் என்பதால் செர்ரி கிடையாது. கருப்பட்டி நான்கு, வாழைக்குலை மூன்று, முருங்கைக்காய் இரண்டு, பனைமரம் ஒன்றே ஒன்று. ஆக மொத்தம் பத்து. ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். மூன்று சக்கரத்திலும் ஒரே படம் நின்றால் பரிசு. மூன்று கருப்பட்டிக்கு 4 ரூபாய், மூன்று வாழைக்கு 8, மூன்று முருங்கைக்கு 25, மூன்று பனைக்கு 200 ரூபாய்.

ஒரு ரூபாய்க்கு 200 ரூபாய்! கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது? இப்போது எண்ணிப் பாருங்கள். பத்தைப் பத்தால் பெருக்கி மறுபடி பத்தால் பெருக்கினால் 1000. மொத்தம் ஆயிரம் விதமாகத்தான் இந்தச் சக்கரங்கள் நிற்க முடியும். அந்த ஆயிரத்தில் மூன்று கருப்பட்டி 64 விதம், மூன்று வாழை 27 விதம், மூன்று முருங்கை 8 விதம், மூன்று பனை ஒரே ஒரு விதம். ஆயிரம் ரூபாய் போட்டு, ஆயிரம் விதமும் ஒவ்வொரு தடவை வந்தது என்றே வைத்துக்கொள்வோம். கருப்பட்டியில் 256 ரூபாய் வரும், வாழையில் 216, முருங்கையில் 200, பனையில் 200. கூட்டினால் 872. மிச்சம் 128 ரூபாய் மெஷின்காரருக்கு.

இதில் களவு எங்கேயாவது இருக்கிறதா? கிடையாது. சக்கரம் நேர்மையாகச் சுற்றுகிறது. யாரும் கையை வைத்து நிறுத்தவில்லை. பரிசுப் பட்டியலையும் வெளியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆனால் 128 ரூபாய் போய்விட்டது. என்னிடம் சிங்கப்பூரில் நம்மாட்கள் கேட்பார்கள், "அண்ணாச்சி, மெஷின்ல என்ன கள்ளத்தனம் பண்ணுதாவ?" என்று. கள்ளத்தனம் எதுக்கு? பட்டியலே போதும். பனைக்கு 200-க்குப் பதிலாக 250 என்று எழுதினால் மெஷின் 922 ரூபாய் திருப்பித் தரும். 150 என்று எழுதினால் 822. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம். நிஜ மெஷினிலும் இப்படித்தான். வெளியில் பார்க்க ஒரே ஆட்டம், ஒரே படம், ஒரே பாட்டு. உள்ளே மட்டும் சதவீதம் வேறு வேறாக வைத்துக் கம்பெனிகள் விற்கின்றன. அமெரிக்காவில் நெவாடா மாநில விதிப்படி குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும், நியூ ஜெர்சியில் 83. வெளியே நிற்கிறவனுக்கு எது எந்த மெஷின் என்று தெரிய வழியே இல்லை.

இன்னொரு கணக்கு. இது ரொம்ப முக்கியம், எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். 90 சதவீதம் திருப்பித் தருகிற மெஷின் என்றால், நூறு ரூபாய் கொண்டு போனவன் 90 ரூபாயோடு வீட்டுக்கு வருவான் என்று நினைக்கிறோம். வரமாட்டான். ஏனென்றால் அவன் அந்த 90-ஐ எடுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டான், திரும்பப் போடுவான். அது 81 ஆகும். அதைப் போட்டால் 72 ரூபாய் 90 காசு. இப்படிப் பத்துச் சுற்று போனால் சராசரியாக 35 ரூபாய்தான் மிச்சம். இருபது சுற்றில் 12 ரூபாய். ஆட்டத்துக்கு அஞ்சு ரூபாய் என்று நிமிடத்துக்குப் பத்து ஆட்டம் ஆடினால் (அது ஒன்றும் வேகம் இல்லை, சாதாரணம்), ஒரு மணி நேரத்தில் 600 ஆட்டம், 3000 ரூபாய் உள்ளே போய்வருகிறது. அதில் பத்து சதவீதம் என்றால் 300 ரூபாய். கையில் கொண்டு போனது 300-தான் என்றால் ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது.

இதுவரை சொன்னது இரும்புச் சக்கர காலம். 1960-களில் சிகாகோவின் பாலி கம்பெனி மின்சாரத்தில் ஓடுகிற மெஷினைக் கொண்டுவந்தது. அடியில் ஹாப்பர் என்று ஒரு தொட்டி. நூற்றுக்கணக்கான காசை அது தானே எண்ணிக் கொட்டும். தகரத் தட்டில் காசு விழுகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே தட்டின் தகரத்தை அப்படி அமைத்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஒருவருக்கு விழுந்தால் ஹால் முழுக்கக் கேட்கும். தோற்கிறவனுக்குச் சத்தமே கிடையாது. நூறு மெஷின் இருக்கிற ஹாலில் எந்த நேரமும் யாருக்காவது கொட்டிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே நுழைகிறவன் காதில் ஜெயித்த சத்தம் மட்டும்தான் விழும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. 1984-இல் இங்கே டெல்னாஸ் என்பவர் வாங்கிய ஒரு பேட்டன்ட் இந்தத் தொழிலையே தலைகீழாக மாற்றியது. என் தொழில் வாழ்க்கை முழுவதும் நான் ரிப்பேர் பார்த்தது அந்த யோசனையைத்தான் என்று சொல்லலாம். ரொம்ப எளிமையாகச் சொல்லுகிறேன்.

நம் அட்டை மெஷினில் பனைமரம் பத்தில் ஒன்று. கண்ணுக்குத் தெரிகிறது. டெல்னாஸ் என்ன செய்தார் என்றால், சக்கரத்தை அப்படியே வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்பதை உள்ளே இருக்கிற சிப் முடிவு செய்யட்டும் என்றார். அந்தச் சிப் ஒன்றிலிருந்து 64 வரை ஒரு எண்ணை எடுக்கும். பனைமரத்துக்கு அந்த 64-இல் ஒரே ஒரு எண். மற்ற படங்களுக்கு மிச்சம் 63. இப்போது மூன்று பனை விழுகிற வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று இல்லை. 64-ஐ மூன்று தடவை பெருக்குங்கள், 2,62,144-இல் ஒன்று. ஆனால் வெளியே நிற்கிறவன் கண்ணுக்குச் சக்கரம் அதே பத்துப் படத்தோடு சுற்றுகிறது. அவன் மனசில் போடுகிற கணக்கு ஒன்று, சிப் போடுகிற கணக்கு வேறு. பெரிய பெரிய ஜாக்பாட் அறிவிக்க முடிந்தது இதனால்தான். பழைய சக்கரத்தை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் பரிசு கொடுத்தால் கடை திவாலாகிவிடும்.

இதிலேயே இன்னொரு சூட்சுமம். பனைமரத்துக்கு ஒரு எண்தான் கொடுத்தோம். சக்கரத்தில் அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கிற படங்களுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு எண் கொடுத்தால் என்ன ஆகும்? கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ பனைமரம் அடிக்கடி வந்து வந்து நிற்கும். "அய்யோ, கொஞ்சத்துல போச்சே!" கொஞ்சத்தில் போகவே இல்லை. அது நிற்க வேண்டிய இடமே அதுதான். இயல்பாகவே இந்த ஏமாற்றம் உண்டு. நம் அட்டை மெஷினில் ஒரு தடவை மூன்று பனை விழுவதற்குள் 27 தடவை இரண்டு பனை மட்டும் விழும். அதை இன்னும் ஊதிப் பெரிதாக்கினார்கள். 1989-இல் நெவாடா அரசு ஒரு ஜப்பான் கம்பெனியின் மெஷின்களை இதற்காகவே மாற்றச் சொன்னது. அவர்கள் ஒரு படி மேலே போய், தோல்வி என்று முடிவான பிறகு, 'மயிரிழையில் தப்பிய' காட்சியைத் தனியாகத் தேர்ந்தெடுத்துக் காட்டினார்கள். அது கூடாது என்றார்கள். ஆனால் நான் சொன்ன எண் பங்கீட்டு முறையைத் தடுக்கவில்லை.

சிப்பைப் பற்றி இரண்டு மூன்று சந்தேகங்களைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். "ரொம்ப நேரமாக் குடுக்காத மெஷின் இனிமே குடுக்குமா?" கொடுக்காது. அதற்கு ஞாபகமே கிடையாது. ஒவ்வொரு ஆட்டமும் புதுப் பிறவி. "நான் எழுந்திரிச்சதும் அடுத்து உக்காந்த சீனன் அடிச்சிட்டான், அது எனக்கு வர வேண்டியது." வந்திருக்காது. யாரும் ஆடாதபோதும் சிப்பு வினாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்களை உருட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனைத் தொட்ட அந்த நொடியில் எது இருந்ததோ அதுதான் முடிவு. கண் இமைக்கிற நேரம் தள்ளிப் போயிருந்தாலும் வேறு எண். பட்டனை அமுக்கியதுமே முடிவு எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு படம் சுற்றுவதெல்லாம் தெருக்கூத்து. "ரெண்டாவது தடவை தட்டினா நாம நினைக்கிற இடத்துல நிக்கும்" என்பார்கள். சீக்கிரம் நிற்கும், அவ்வளவுதான்.

"டெக்னீஷியன் நினைச்சா மாத்த முடியுமா?" என்றும் கேட்பார்கள். நான் மெஷினைத் திறக்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்பார். சாவிக்குக் கையெழுத்து, கதவு திறந்த நேரம் உள்ளே பதிவாகும், சிப்புக்கு மேல் சீல். நான் பார்த்தது நோட்டு வாங்கும் வாயில் சிக்கிய நோட்டு, தேய்ந்துபோன பட்டன், மங்கிய டியூப், ஹாப்பரில் சிக்கிய காசு. ஆனால் வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. ரான் ஹாரிஸ் என்பவர் நெவாடா அரசின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்திலேயே மெஷின் சிப்புகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தார். குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் கொட்டும்படி தானே ஒரு சில்லறைக் கட்டளையை உள்ளே நுழைத்துவைத்தார். 1995-இல் பிடிபட்டார். அவரும் தோற்றுத்தான் போனார் என்பதைக் கவனியுங்கள்.

வகைகளைப் பற்றிக் கொஞ்சம். மூன்று சக்கரத்து பழைய மாதிரியைச் சொல்லிவிட்டேன். 1970-களின் நடுவில் சக்கரமே இல்லாமல் டி.வி. திரையில் படம் ஓடுகிற வீடியோ ஸ்லாட் வந்தது. அதில் ஐந்து வரிசை, குறுக்கும் நெடுக்குமாக 9 கோடு, 20 கோடு, 25 கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காசு. வைல்டு என்றால் சீட்டாட்டத்து ஜோக்கர் மாதிரி எந்தப் படத்துக்கும் ஈடுகொடுக்கும். ஸ்கேட்டர் என்றால் கோட்டில் இல்லாமல் எங்கே விழுந்தாலும் கணக்கு. அதில் இலவச ஆட்டம் கிடைக்கும். 1990-களில் மீன் பிடிப்பது, பெட்டி திறப்பது என்று ஆட்டத்துக்குள் ஆட்டம் வந்துவிட்டது.

இந்த 25 கோட்டு ஆட்டத்தில்தான் எனக்கு மிகவும் பிடிக்காத ஒரு தந்திரம் இருக்கிறது. 25 காசு வைக்கிறீர்கள். ஒரு கோட்டில் 10 காசு விழுகிறது. உடனே லைட் எரிந்து பாட்டுப் பாடி, "வென்றீர்கள்!" என்று திரை ஆடும். 15 காசு போய்விட்டது ஐயா! தோல்விக்கு மேளம் அடிக்கிற எந்திரம் இது ஒன்றுதான்.

புரோகிரஸிவ் என்று ஒரு வகை. பல மெஷின்களை லைன் போட்டு இணைத்து, ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் ஒரு சிறு பங்கை ஒரே உண்டியலில் சேர்ப்பார்கள். மேலே போர்டில் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். 1986-இல் நெவாடாவில் மெகாபக்ஸ் என்று ஆரம்பித்தது. 2003-இல் ஒரே ஆளுக்கு ஏறத்தாழ 3.97 கோடி டாலர் விழுந்தது. வீடியோ போக்கர் என்பது 52 சீட்டை நேர்மையாகக் கலைத்துப் போடும். எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று நீங்கள் முடிவு செய்யலாம், தெரிந்து ஆடினால் நஷ்டம் குறையும். ஜப்பானில் பச்சிங்கோ, இரும்புக் குண்டு ஆணிகளுக்கிடையே உருண்டு விழுவது. ஆஸ்திரேலியாவில் 'போக்கி' என்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் 1956 முதல் கிளப்புகளில் சட்டப்படியே இருக்கிறது.

நம் நாட்டில்? கோவாவில் 1992-இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் இந்த மெஷினுக்கு அனுமதி கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் அனுமதி கிடையாது. நமக்கு வந்த வியாதி லாட்டரி. 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது அரசே நடத்தியது. பிறகு வெளிமாநிலச் சீட்டுகளும், ஒரு நம்பர் சுரண்டலும் பெட்டிக்கடைதோறும் தொங்கி, பனையேறுகிறவர் முதல் பீடி சுற்றுகிற அக்காமார் வரை எத்தனை பேருடைய அன்றாடக் கூலியைத் தின்றது என்பதை இங்கே இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு ஒரே உத்தரவில் நிறுத்தியது. உவரித் திருவிழாவுக்குப் போகிற வழியில் லங்கர் கட்டை உருட்டுகிறவனையும் மூணு சீட்டுக்காரனையும் போலீஸ் விரட்டும். அவன் கோணிச்சாக்கைச் சுருட்டிக்கொண்டு தேரிக்குள் ஓடுவான். ஆனால் அவனிடம் உட்காருகிறவனுக்கும் ராத்திரி ஆனால் வீட்டுக்குப் போக வேண்டிய கட்டாயம் இருந்தது.

சிங்கப்பூரில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஒரு தம்பி, நம்ம ராதாபுரம் பக்கத்து ஆள். பெயர் வேண்டாம், அவர் வீட்டார் இந்த மலரைப் படிக்கக்கூடும். கப்பல் பட்டறையில் வெல்டர். நல்ல வேலைக்காரர், குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. 2010-இல் அங்கே இரண்டு பெரிய காசினோ திறந்தார்கள். தன் குடிமக்கள் கெட்டுப்போகக் கூடாது என்று சிங்கப்பூர் அரசு அவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் வைத்தது. 2019-இல் அதை 150 ஆக்கியது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் இல்லை. நம்ம தம்பி வெளிநாட்டவர். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், உள்ளே ஏ.சி., இலவசக் காப்பி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். அறுபது வெள்ளி போட்டு எண்ணூறு வெள்ளியோடு வந்தார். அறையில் எல்லோருக்கும் பிரியாணி. நான் அன்றைக்கே பேப்பரை எடுத்து, இப்போது உங்களுக்குச் சொன்ன கணக்கை எல்லாம் எழுதிக் காட்டினேன். கவனமாகத்தான் கேட்டார். "நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி" என்றார். அடுத்த ஞாயிறும் போனார். பிறகு வேலை முடிந்த ராத்திரியும் போனார். "நேத்து ரெண்டு நின்னுட்டு அண்ணாச்சி, மூணாவது ஒரு நூல்ல போயிட்டு" என்பார். மயிரிழை விஷயத்தை மறுபடி விளக்குவேன். தலையை ஆட்டுவார். ஒருநாள் கோபத்தில், "ஏம்டே, காசு வராதுன்னு தெரிஞ்சே ஏன் போற?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை. "காசுக்கு இல்ல அண்ணாச்சி. அங்க உக்காந்தா ஒண்ணும் ஞாபகம் வராது. வட்டிக்காரன் ஞாபகம், தங்கச்சி கல்யாணம், சூப்பர்வைசர் ஏசினது, ஒண்ணும் வராது. அது சுத்திக்கிட்டே இருந்தாப் போதும்."

பிற்பாடு நடாஷா டவ் ஷூல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2012-இல் எழுதிய புத்தகத்தைப் பற்றி அறிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாஸ் வேகாஸில் வருஷக்கணக்கில் மெஷின் ஆடுகிறவர்களிடம் பேசியவர் அவர். அவர்களும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். ஜெயிப்பதற்காக அல்ல, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறோம் என்று. ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாவை வைத்துச் செய்த சோதனையை நம் பி.எட். படித்த நண்பர்கள் அறிவார்கள். கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தீனி வந்தால், பசி தீர்ந்ததும் புறா போய்விடும். எப்போது வரும் என்று தெரியாமல் எப்போதாவது வந்தால், ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். அதனால் கணக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் ஒருவர் திருந்திவிடுவார் என்று நான் நம்பவில்லை. கணக்கு, இன்னும் உட்காராதவனுக்கு உதவும். உட்கார்ந்துவிட்டவனுக்கு வேறு துணை வேண்டும்.

அந்தத் தம்பியின் பெர்மிட் முடிந்து 2013-இல் ஊருக்கு வந்தார். அவர் கட்ட ஆரம்பித்த வீடு அஸ்திவாரமும் நாலு தூணும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியுமாக ரொம்ப நாள் நின்றது. தங்கச்சி கல்யாணத்தை மச்சான்மார் கூடி நடத்தினார்கள். இப்போது வள்ளியூர் பக்கம் வெல்டிங் பட்டறையில் கூலிக்கு நிற்கிறார். பார்த்தால் நன்றாகப் பேசுவார்.

இதை இன்றைக்கு ஏன் சொல்லுகிறேன் என்றால், அவராவது பஸ் ஏறி, பாஸ்போர்ட் காட்டி உள்ளே போனார். இப்போது அந்த ஹாலே நம் பிள்ளைகள் சட்டைப்பையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குப் பொருந்தாது என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய கம்பெனிகள் கடையைச் சாத்தின.

நல்லதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஓடுகிற ஆட்டம், வேறு பெயரில் மறுபடி முளைக்கிற ஆப், நண்பன் அனுப்புகிற லிங்க், இவையெல்லாம் பூட்டப்பட்ட கடை அல்ல. ஒரு டெக்னீஷியனாக எனக்கு உறுத்துவது இதுதான்: நான் பார்த்த மெஷினுக்கு சீல் இருந்தது, சோதனைச்சாலை இருந்தது, கதவு திறந்தால் பதிவு இருந்தது. போனில் சுற்றுகிற சக்கரத்துக்குப் பின்னால் எந்தச் சிப்பு, எந்தச் சதவீதம், யார் பார்த்தது? முதல் இரண்டு நாள் ஜெயிக்க வைத்து, தொகை கூடியதும் தோற்க வைக்க ஒரு வரி எழுதினால் போதும். அந்த வேலியில் மேய ரான் ஹாரிஸ்கூடத் தேவையில்லை, வேலியே கிடையாது.

நம் கல்லூரி விடுதி மாணவர்கள் இரண்டு பேர் சென்ற ஆண்டு பரீட்சைக் கட்டணத்தை இப்படி இழந்துவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து நம் சங்க உறுப்பினர் ஒருவரிடம் வந்து நின்றார்கள். அவர் கட்டணத்தைக் கட்டினார், அப்பாமாரிடம் தானே பேசினார். ஏசாமல் முதலில் கேட்டுக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவர்தான் செயலாளரிடம் சொல்லி என்னை இங்கே நிறுத்தியவரும்.

ஆகையால் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இந்த அட்டை மெஷினை இயற்பியல் துறை வைத்துக்கொள்ளட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் வருகிறேன். காசு வேண்டாம், புளியங்கொட்டை போதும். ஆளுக்கு நூறு கொட்டை கொடுத்து ஆடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எண்ணிப் பார்ப்போம். இரண்டாவது, கடனில் மாட்டிக்கொண்ட பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு ஆளின் பெயரையும் போன் நம்பரையும் விடுதி நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்ட வேண்டும். ஆசிரியராக இருந்தால் பயப்படுவார்கள், நம்மில் ஒருவராக இருக்கட்டும். வேறு யாரும் முன்வராவிட்டால் என் நம்பரையே போடுங்கள்.

சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று கை காட்டுகிறார்கள். மெஷின் மேசைமேல்தான் இருக்கிறது, கொட்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பேராசிரியர் ஐயா முதல் ஆட்டம் ஆடித் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.